ஒரே கடிவாளம், வேறு வேறு பாடம்

சென்னைத் தீவுத்திடல் அருகே வெண்கலக் குதிரைமேல் வீற்றிருக்கும் சர் தாமஸ் மன்றோவுக்குச் சேணம் கிடையாது. கால் வைக்க அங்கவடியும் கிடையாது. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி மறந்துவிட்டார், பிழை தெரிந்ததும் உயிரையே விட்டார் என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதைதான். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் அதே சான்ட்ரி வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் சேணம், அங்கவடி இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அரும்பெரும் மனிதர்களுக்கு ஒரே பொருளையா மறப்பார்? பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளின் சாயல் அது. அந்தக் காலத்தார் அங்கவடி என்ற ஒன்றையே கண்டதில்லை.

மன்றோ மெய்யாகவே குதிரைமேல் காலம் கழித்த இடம் தருமபுரி. 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்த மன்றோ 1799 வரை இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகப் போய் நிலவரி வேலை பார்த்தார். அந்த வேலைக்கு எப்படிப்பட்ட குதிரை வேண்டும்? நாள் முழுக்க வரப்பிலும் கல்லுக்காட்டிலும் நிதானமாக நடக்க வேண்டும். அதிகாரி இறங்கி நிலத்தைப் பார்க்கும்போது கூட்டத்தின் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். வேகம் யாருக்கும் தேவையில்லை.

கால் நூற்றாண்டுக்கு முன்பு இதே மண்ணில் ஓடிய குதிரைகளிடம் எதிர்பார்த்தது வேறு. முதல் மைசூர்ப் போரில் தருமபுரிக் கோட்டை ஒருமுறை கம்பெனியிடம் போனது. 1768 இன் இறுதியில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி அதை மீட்டுக்கொண்டார். அடுத்த மார்ச்சில் அவர் சுமார் 6,000 குதிரைவீரர்களைப் பொறுக்கியெடுத்து, மூன்றரை நாளில் ஏறக்குறைய 210 கிலோமீட்டர் கடந்து, பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். கம்பெனியின் படை எங்கோ பின்னால் இருந்தது. ஏப்ரலில் சென்னையில் உடன்படிக்கை கையெழுத்தானது. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் கட்டுப்படாத கம்பெனி அன்று பணிந்தது குதிரையின் நெஞ்சுரத்துக்கு. அதாவது இதயத்துக்கும் நுரையீரலுக்கும்.

குதிரையை நன்றாகப் பழக்குவது எப்படி என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் விடை பிறக்கும். ஒரு வேலைக்கு அருமையாகப் பழகிய குதிரை இன்னொரு வேலைக்கு ஆபத்தாகக்கூட முடியும். இதன் காரணம் குதிரையின் உடலிலும் மூளையிலும் இருக்கிறது.

முதலில் உடல். ஹைதர் செய்ததை இன்று ஒரு விளையாட்டாகவே செய்கிறார்கள். நெடுந்தூரக் குதிரை ஓட்டம் என்று பெயர். மேல்நிலைப் போட்டியில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர். குதிரை பெரும்பாலும் தொங்கோட்டத்திலும் மெதுவான பாய்ச்சலிலும் போகும். இடையிடையே கால்நடை மருத்துவர்கள் நிறுத்திச் சோதிப்பார்கள். குறித்த நிமிடங்களுக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும் என்பது இந்த விளையாட்டில் நெடுநாள் வழங்கிய அளவு. இறங்காவிட்டால் குதிரை அதோடு வெளியே. முதலில் வந்து சேர்ந்தாலும் சோதனையில் தேறாவிட்டால் வெற்றி கிடையாது.

இந்தக் குதிரையைப் பழக்குகிறவருக்கு முக்கியமான கருவி பொறுமை. முதல் பல மாதங்களுக்கு வேகமே இல்லை. நீண்ட மெதுவான நடை, ஏற்றம், இறக்கம், மீண்டும் நடை. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். தசைநாணும் எலும்பும் குளம்பும் அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறுவதில்லை. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும். உடம்பு தயார் என்று குதிரை துள்ளும்போது கால் இன்னும் தயாராக இருக்காது. அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். இன்னொரு வேலை உடலைச் சூட்டுக்குப் பழக்குவது. மனிதரைப்போலவே உடம்பு முழுக்க வேர்த்துக் குளிரும் விலங்கு குதிரை. கடும் வெயிலில் உழைத்தால் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வேர்வை போகும். அதோடு உப்பும் போகும். அந்த வேர்வையில் லாதெரின் என்றொரு புரதம் சோப்புபோல வேலை செய்கிறது. எண்ணெய்ப்பசை உள்ள அடர்ந்த மயிர்மேல் நீரைப் பரப்பி ஆவியாக்குகிறது. ஓடிவந்த குதிரையின் கழுத்திலும் தொடையிடுக்கிலும் வெள்ளை நுரை தெரிவது அதனால்தான். குதிரைக்கு நோய் என்று பயப்பட வேண்டாம்.

பந்தயக் குதிரைக்கு வேண்டியது முற்றிலும் வேறு. அதன் வேலை ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்காகக் குதிரையின் உடல் வைத்திருக்கும் ஏற்பாடுகள் வியப்பானவை. ஓய்வில் இருக்கும்போது சிவப்பணுக்களில் கணிசமான பங்கை அது மண்ணீரலில் சேமித்து வைத்திருக்கிறது. பாய்ச்சல் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை இரத்தத்தில் கொட்டுகிறது. இரத்தத்தில் 100-க்கு 40 அளவில் இருந்த சிவப்பணுக்களின் பங்கு 60-ஐத் தாண்டுகிறது. மனித ஓட்டக்காரர் குறுக்கு வழியில் செய்து பிடிபட்டால் தடைவிதிக்கப்படும் காரியத்தைக் குதிரை பிறவியிலேயே செய்கிறது. நிமிடத்துக்கு 30, 40 முறை துடித்த இதயம் 220-க்கு மேல் போகும். நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்பது கணக்கு. முன்கால் தரையில் ஊன்றும்போது குடலும் வயிறும் முன்னே தள்ளி மூச்சு வெளியேறுகிறது; உடல் நீளும்போது பின்னே போய்க் காற்று உள்ளே வருகிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியைத்தான் நினைக்க வேண்டும். ஆகவே பாய்ச்சலில் குதிரை மூச்சைத் தனியாக வேகப்படுத்த முடியாது. தாவல் எப்படியோ மூச்சும் அப்படியே.

இதோடு இன்னொன்று சேர்கிறது. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது. மூக்கு மட்டும்தான் வழி. பந்தயக் குதிரை கழுத்தை நீட்டி மூக்கை முன்னே தள்ளி ஓடுவது அழகுக்காக அல்ல, காற்றுக்குழாயை நேராக்கிக்கொள்ளத்தான். தலையை மடக்கிக் கழுத்தை வில்லாக வளைத்தால் தொண்டையின் வழி குறுகும். அப்படி வளைந்த கழுத்தைத்தான் டிரெஸ்ஸாஜ் என்ற விளையாட்டு பாராட்டுகிறது. ஒருவருக்கு அழகு, இன்னொருவருக்கு மூச்சடைப்பு.

இனி மூளை. குதிரை மேயும் விலங்கு. பிறருக்கு இரையாகிற விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் குருடு. எதுவென்று தெரியாவிட்டால் முதலில் ஓடு, பிறகு பார் என்பது அதன் பிறவிச் சட்டம். இப்படிப்பட்ட விலங்கு முதுகில் ஒருவரை ஏற்றிக்கொண்டு சொன்னபடி கேட்கிறது என்றால், எல்லாப் பயிற்சிக்கும் அடியில் ஒரே ஒரு தந்திரம் இருக்கிறது: அழுத்தம், விடுதலை. காலால் விலாவை அழுத்துகிறோம். அது ஒரு அடி நகர்கிறது. அந்தக் கணமே அழுத்தத்தை எடுத்துவிடுகிறோம். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்திலிருந்து அல்ல, விடுதலையிலிருந்து. ஓரிரு விநாடி தாமதித்து விட்டால் அது வேறு எதையோ கற்றுக்கொண்டுவிடும். கடிவாளத்தை இழுத்துக்கொண்டே இருப்பவரின் குதிரை வாய் மரத்துப்போய் நிற்பதை எங்கும் பார்க்கலாம். 'முரட்டுக் குதிரை' என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுவார்கள். என் கணக்கில் முரடு மேலே உட்கார்ந்திருக்கிறது.

குதிரையின் கவனம் எவ்வளவு கூர்மையானது என்பதை உலகுக்குக் காட்டியது பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஆசிரியர் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கூட்டல் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904 இல் அறிஞர் குழு ஒன்று வந்து பார்த்து ஏமாற்று எதுவும் இல்லை என்றது. 1907 இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர்தான் உண்மையைக் கண்டார்: கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. தட்டுகள் சரியான எண்ணை எட்டும்போது கேட்பவரின் தலை தம்மையறியாமல் மயிரளவு அசைகிறது. அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்துகிறது. ஹான்ஸுக்குக் கணக்கு வராதது உண்மை. ஆனால் நமக்கே தெரியாத நம் அசைவை அது படித்தது. சவாரிக்காரரின் இடுப்பு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் குதிரை ஏன் திரும்புகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தந்திரம் ஒன்று, ஆனால் அதைக்கொண்டு எழுதும் பாடங்கள் ஒன்றோடொன்று முரண்படும். பந்தயக் குதிரையின் ஜாக்கி கடிவாள வாரைச் சேர்த்துப் பிடித்து இழுவையோடு வைத்திருப்பார். குதிரை அந்த இழுவையில் சாய்ந்து ஓடும். வாயில் பிடிப்பு இருந்தால் ஓடு என்பது அதன் பாடம். சவாரிப் பள்ளியில் அதே இழுவைக்கு மெதுவாகப் போ, நில் என்று பொருள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையை வாங்கிவந்து, அது பாய்கிறதே என்று வாரை இழுத்தால் என்ன நடக்கும்? இன்னும் பாயும். வாங்கியவர் பயந்து இன்னும் இழுப்பார். அது இன்னும் பாயும். குதிரையின் பக்கம் குற்றம் இல்லை. தனக்குச் சொன்னதை அது செய்கிறது.

போர்க்குதிரையின் பாடத்துக்கு வருவோம். ஓசூர் அருகே மத்திகிரியில் இன்று அரசின் கால்நடைப் பண்ணை இருக்கும் இடம், 1824 இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கவும் பழக்கவும் ஏற்படுத்தப்பட்டது. அப்போது சென்னை ஆளுநர் யார் தெரியுமா? அதே மன்றோதான். ஹைதரின் குதிரைப்படையிடம் பட்ட அடியைக் கம்பெனி மறக்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மத்திகிரி அன்று சேலம் மாவட்டம். 1965 முதல் தருமபுரி மாவட்டம். 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். 

படைக் குதிரைக்கு முதல் தேவை ஒற்றைக் கை. வீரரின் வலக்கை வாளுக்கோ ஈட்டிக்கோ போய்விடுகிறது. இரண்டு வாரும் இடக்கையில் சேர்ந்துவிடும். ஆகவே வாயின் ஒரு பக்கத்தை இழுத்துத் திருப்ப வழியில்லை. கழுத்தின் இடப்பக்கத்தில் வார் உரசினால் வலப்பக்கம் திரும்பு என்று குதிரைக்கு வேறு ஒரு மொழி கற்பிக்க வேண்டும். முதலில் இரு கையாலும் பழைய முறையில் திருப்பிக்கொண்டே கழுத்தில் வாரைச் சாய்ப்பார்கள். நாளாவட்டத்தில் இழுவையைக் குறைத்துவிட்டால் சாய்ப்பு மட்டுமே போதும். பர்கூர் அருகே மல்லப்பாடியில் பாறைமேல் வெள்ளை வண்ணத்தில் இரண்டு குதிரைவீரர்கள் மோதிக்கொள்ளும் ஓவியம் இருக்கிறது. 1970-களின் இறுதியில் ஆய்வாளர்கள் அதை வெளிக்கொண்டுவந்தார்கள். குதிரைமேல் இருந்து சண்டையிட்டவர் எவராயினும், எந்த நூற்றாண்டினராயினும், இந்த ஒற்றைக் கைக் கணக்கைத் தீர்த்துத்தான் ஆகவேண்டும். போலோக்காரர்களும், பாயும் குதிரையிலிருந்து ஈட்டியால் தரையில் அடித்த முளையைக் குத்தித் தூக்கும் டென்ட் பெக்கிங்காரர்களும் இன்றும் இதே மொழியைத்தான் பேசுகிறார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் டென்ட் பெக்கிங்கும் ஒரு போட்டியாக இருந்தது.

இரண்டாவது தேவை துணிவு. துணிவு என்பதைவிடப் பழக்கம் என்பது சரி. வெடிச்சத்தத்தைத் தொலைவில் தொடங்கி, குதிரை அமைதியாகத் தீனி தின்னும் நேரத்தில் கேட்கவிட்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவருவார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ட மூளை அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடுகிறது. அவசரப்பட்டுக் கட்டிவைத்துக் காதருகே வெடித்தால், சில குதிரைகள் அடங்கி நிற்கும். அது பழக்கமல்ல, ஓட வழியில்லாத திகில். என்றாவது ஒருநாள் கயிறு அறும். மெரினாவில் ரோந்து போகும் காவல்துறைக் குதிரை பலூன், பட்டம், கூச்சல், குழந்தை எல்லாவற்றுக்கும் நடுவே சலனமில்லாமல் நிற்கிறதே, பந்தயக் குதிரைக்கு ஊட்டி வளர்த்த அத்தனை துடிப்பையும் அங்கே அணைத்துவைத்திருக்கிறார்கள்.

ஆட்டத்துக்குப் பழக்கிய குதிரையைப் பார்க்க வேண்டுமானால் ஆடியில் அந்தியூர் போக வேண்டும். குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் கத்தியவார், மார்வாரி, வெள்ளை வெளேரென்ற நுக்ரா என்று பல வகை வரும். கூட்டம் அதிகம் சூழ்வது நாட்டியக் குதிரையைத்தான். மேளத்துக்குக் கால் மாற்றித் தூக்கி நின்ற இடத்தில் ஆடும். தவில்காரர் குதிரைக்கு ஏற்ப அடிக்கிறாரா, குதிரை தவிலுக்கு ஆடுகிறதா என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குதிரைக்குக் கட்டளை பெரும்பாலும் வாரிலிருந்தும் குச்சியிலிருந்தும்தான் போகிறது. இசையோடு செய்யும் டிரெஸ்ஸாஜ் போட்டியிலும் இதே கதைதான்; குதிரையின் நடைக்கு ஏற்ற இசையைத் தேடிப்பிடித்து ஒட்டுவார்கள்.

நின்ற இடத்திலேயே தொங்கோட்டம் போடும் அசைவு டிரெஸ்ஸாஜில் உச்சப் பாடங்களில் ஒன்று, பியாஃப் என்பார்கள். பார்வைக்கு அந்தியூர் ஆட்டத்தின் உறவு. ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு. குதிரையின் எடையில் 100-க்கு 60 பங்கு இயல்பாகவே முன்கால்களில் விழுகிறது. முதுகில் ஆள் ஏறினால் முன்பாரம் இன்னும் கூடும். பின்கால்களை மடக்கி உடலுக்கு அடியில் கொண்டுவந்து, இடுப்பைத் தாழ்த்தி, முதுகை உயர்த்திப் பாரத்தைப் பின்னுக்கு மாற்றுவதே டிரெஸ்ஸாஜின் நெடும்பயணம். அதற்கான தசை கட்ட ஆண்டுகள் ஆகும். பன்னாட்டு மேல்நிலைப் போட்டியில் 8 வயது நிறையாத குதிரையை விடுவதில்லை. பந்தயக் குதிரைகளில் பல அந்த வயதில் ஓய்வே பெற்றிருக்கும். நம் நாட்டியக் குதிரைகளில் பெரும்பாலானவை தலையை உயரத் தூக்கி, முதுகைக் குழித்து, முன்கால்களை மட்டும் வீசுகின்றன. கண்ணுக்கு விருந்து, முதுகுக்குச் சுமை. முள் வைத்த கடிவாளத்தால் தலையை நிமிர்த்திப் பெறும் ஆட்டம் கலையாகாது. முள்ளும் குமிழும் உள்ள கடிவாளத்தைச் சுமைவிலங்குகளுக்கான 1965 ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் தடை செய்தே இருக்கின்றன. பொறுமையாகப் பழக்கிய ஆட்டக்குதிரைகளும் உண்டு. வாயில் நுரை இருக்கும், இரத்தம் இருக்காது. வால் தளர்ந்து ஆடும், விசிறி அடிக்காது. அவற்றின் உரிமையாளர்களை வணங்கத் தோன்றும்.

2023 இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வர் அணி டிரெஸ்ஸாஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது. குதிரையேற்றத்தில் இந்தியா தங்கம் கண்டு 41 ஆண்டு ஆகியிருந்தது. 1982 இல் ரகுபீர் சிங் முதலானோர் ஈவென்டிங் என்ற போட்டியில் தங்கம் வென்றிருந்தார்கள்.

இந்த ஈவென்டிங்தான் என்னை அதிகம் வியக்கவைப்பது. ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று தேர்வு. முதலில் டிரெஸ்ஸாஜ்: அடங்கி, மயிரளவு சைகைக்குக் கேட்க வேண்டும். அடுத்து காட்டுவழி ஓட்டம்: பாய்ந்து போய், மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் என்று எதையும் தாண்ட வேண்டும். அங்கே தடைகள் திடமானவை. உரசினால் புள்ளி போகாது, ஆனால் தயங்கினால் போகும். கடைசியில் தாண்டுதல்: கம்பங்கள் லேசாக வைக்கப்பட்டிருக்கும், குளம்பு பட்டால் விழும், விழுந்தால் தண்டம். முந்தின நாள் வீறுகொண்டு உரசித் தாவியதை மறுநாள் மறந்து, காலைச் சுருக்கி எச்சரிக்கையாகத் தாவ வேண்டும். தருமபுரியிலிருந்து நெடுஞ்சாலையில் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் பெங்களூரின் ஃபவாத் மிர்சா, செனியோர் மெடிகாட் என்ற குதிரையோடு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றார். அதே இணை டோக்கியோ ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜில் 28.00 தண்டப்புள்ளி என்று முன்வரிசையில் தொடங்கியது. காட்டுவழியில் நேரம் கடந்ததற்கு 11.20 சேர்ந்தது, தாண்டுதலில் கம்பங்கள் விழுந்தன, முடிவில் 23 ஆம் இடம். மூன்று பாடங்களும் ஒரு தலைக்குள் இடித்துக்கொள்வதை அந்தக் கணக்கே காட்டுகிறது. இறுதிச் சுற்றுவரை போனதே அரிய சாதனை.

தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து அந்தியூருக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பீர்கள், சுழியைப் பார்ப்பீர்கள், விலையைப் பேசுவீர்கள். அதற்கு முன்னால், இதுவரை என்ன வேலை செய்தது, யார் கையில் பழகியது என்று கேளுங்கள். ரேக்ளாவில் ஓடியதா, கல்யாண ஊர்வலத்தில் நின்றதா, பந்தயத்திலிருந்து வந்ததா? ஏறும் முன் வாரை லேசாகப் பிடித்து, அது தளர்ந்து கொடுக்கிறதா, சாய்ந்து முன்னேறுகிறதா என்று பாருங்கள். சாய்ந்து முன்னேறும் குதிரையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். முதலில் அதற்குப் புதுப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.